நல்லா இருக்குற கண்ணுக்கு எதுக்குங்க கத்தி?

வாசகர் கேள்வி – கண் மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண் அழகு சம்பந்தப்பட்டவை. கண் அரிப்பு, சர்க்கரை, புரை என்று கேட்டுக்கொண்டிருந்த பகுதியில் இப்போது கண் நிறம் கேட்கிறார்கள். சரி, அதற்கே இந்த இதழை ஒதுக்கிவிட்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் போடவில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: டாக்டருங்களுக்கு வணக்கமுங்க. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், வயது 26. பையர்களோடு தினமும் வீடியோ கால். என் கண் நல்ல கறுப்பு. கண் நிறத்தை நிரந்தரமாக மாற்றுகிற ஆபரேஷன் ரீல்ஸில் நிறைய வருகிறது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, மறுநாளே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெளிநாட்டு கிளினிக் ஒன்றில் விசாரித்தேன், டிக்கெட், ரூம் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் சொல்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் இருக்கிறது. கலர் லென்ஸ் போட்டால் உறுத்துகிறது. இதைச் செய்யலாங்களா? அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

வேண்டாம் அம்மணி. பதில் அவ்வளவுதான், ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் அடுத்த ரீல்ஸ் வந்ததும் மனசு மாறிவிடும், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

கண்ணின் முன்புறம் நிறமில்லாமல் தெளிவாக இருப்பது கார்னியா, கனம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதற்குப் பின்னால், நடுவில் பாப்பா என்கிற துளையோடு இருக்கும் நிறத் திரைதான் ஐரிஸ். அதில் மெலனின் என்கிற நிறமி நிறைய இருப்பதால் உங்கள் கண் கறுப்பு. நீலக் கண்காரர்களுக்கு உள்ளே நீல மை எதுவும் கிடையாது, அவர்களுக்கு ஐரிஸின் முன்பக்கத்தில் மெலனின் குறைவு, வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரிகிறது. இதை மாற்றுகிறேன் என்று மூன்று விதமான வேலைகளை விற்கிறார்கள்.

முதலில் வந்தது, கலர் பூசிய சிலிக்கான் தட்டை மடித்து, கார்னியாவின் ஓரத்தில் வெட்டி உள்ளே நுழைத்து, உங்கள் ஐரிஸுக்கு முன்னால் விரித்துவிடுவது. நான் பார்த்த கேஸ்களில் இதைப் போல மனசைக் கலக்கியது வேறில்லை. ஸ்லிட் லாம்ப் என்கிற கண் நுண்ணோக்கியில் உட்கார வைத்துப் பார்த்தால் அழகான சாம்பல் நிற வளையம் தெரியும், அதன் ஓரம் ஐரிஸை உரசி உரசி அங்கங்கே பொடியாக நிறம் உதிர்ந்திருக்கும், கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறுகிற மூலையை அந்தத் தட்டின் விளிம்பு அடைத்துக்கொண்டு நிற்கும். நீர் வெளியேறாவிட்டால் கண் அழுத்தம் ஏறும், அதுதான் கிளாக்கோமா, அதில் போன பார்வை போனதுதான், எந்த மருந்தும் திருப்பித் தராது. இது தவிர உள்ளழற்சி, சின்ன வயசிலேயே புரை. இன்னொன்று, கார்னியாவின் உட்புறத்தில் ஒரே ஒரு அடுக்காக இருக்கும் செல்களுக்கு, கிணற்றில் ஊற்று ஊற ஊற இறைத்துத் தள்ளும் மோட்டார் போல, கார்னியாவில் ஊறும் நீரை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் வேலை. அந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. போதுமான அளவுக்குச் செத்துவிட்டால் கார்னியா ஊதி வெளுத்துவிடும், அப்புறம் இறந்தவர் தானம் கொடுத்த கார்னியாவை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அழகுக்காக வைக்கும் இந்தத் தட்டு எதற்கும் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை. 2018-ல் ஒரு செயற்கை ஐரிஸுக்கு அனுமதி கொடுத்தார்கள், அது பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்களுக்கும் அடிபட்டு இழந்தவர்களுக்கும். விளம்பரக்காரர்கள் அந்த அனுமதியைக் காட்டி இதை விற்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போது ரீல்ஸில் ஓடுவது இரண்டாவது வகை, கெரட்டோபிக்மென்டேஷன். கார்னியாவின் கனத்துக்குள்ளேயே லேசரால் வளையமாக ஒரு சுரங்கம் போட்டு அதில் நிற மையைச் செலுத்துகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் கார்னியாவில் பச்சை குத்துவது. பச்சை குத்துவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், இது பழைய வைத்தியம்தான்: 1869-லேயே வெக்கர் என்கிற கண் மருத்துவர் பூ விழுந்து வெளுத்த கண்ணில் இந்திய மையால் குத்தியிருக்கிறார். பார்வை போய் வெளுத்துப்போன கண்ணோடு நாலு பேர் முன்னால் வரக் கூச்சப்படுபவருக்கு இன்றும் அது நல்ல உதவி. அந்தக் கண்ணில் இழக்க ஒன்றுமில்லை, உங்கள் கண்ணில் எல்லாமே இருக்கிறது, வித்தியாசம் அங்கேதான். நல்ல கண்ணில் செய்தால் வெளிச்சம் கூசலாம், மை ஒரே சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக நிற்கலாம், கண்ணுக்குள் கசியலாம், நாளானதும் மங்கலாம், மைக்கு ஒவ்வாமை வந்து அழற்சி வரலாம், கிருமி தொற்றிக் கார்னியாவில் தழும்பு விழலாம். இருட்டில் பாப்பா விரிந்து மை வளையத்தின் உள்ளோரத்தைத் தாண்டினால் எதிரே வரும் வண்டியின் லைட் சிதறித் தெரியும். மருத்துவராக எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. இருபது வருஷம் கழித்து உங்களுக்குச் சர்க்கரை வந்து விழித்திரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அப்போது அந்த மை வளையம் குறுக்கே நிற்கும். புரை ஆபரேஷன் செய்பவருக்கும் அதே தொல்லை.

மூன்றாவது, லேசரால் ஐரிஸின் மெலனினை உடைத்து வெளுக்க வைப்பது. உடைந்த தூள் எங்கே போகும்? நீர் வெளியேறும் வடிகாலுக்குத்தான் போகும், போய் அடைத்தால் மறுபடி கிளாக்கோமா. எடுத்த நிறத்தைத் திருப்பி வைக்கவும் முடியாது.

அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2024 ஜனவரியில் இந்த நிறம் மாற்றும் ஆபரேஷன்களுக்கு எதிராகப் பொதுமக்களை எச்சரித்தது. அங்கே கார்னியாவில் மை ஏற்ற இரண்டு கண்ணுக்கும் சுமார் 12,000 டாலர், நம்ம கணக்கில் பத்து லட்சத்துக்கு மேல். உங்களுக்குச் சொன்ன பேக்கேஜ் அதைவிடக் குறைவாக இருக்கும், அதனால்தான் மலிவு என்று தோன்றுகிறது. அந்த ரேட்டில் அடங்காததைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள் ராத்திரி கண் சிவந்து வலித்தால் யார் பார்ப்பார்கள், எடுக்க வேண்டி வந்தால் யார் செலவு, அழுத்தம் ஏறினால் காலம் முழுக்க மாதாமாதம் சொட்டு மருந்து, வருஷா வருஷம் ஸ்கேன், இதெல்லாம் யார் தலையில்? மெடிக்ளெய்ம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அழகு சிகிச்சையைப் பாலிசிகள் விலக்கித்தான் வைத்திருக்கின்றன. இங்கேயே செய்துகொண்டாலும், மற்ற வைத்தியத்துக்கு இருக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு அழகு அறுவைக்குக் கிடையாது.

லென்ஸ் உறுத்துகிறது என்றீர்களே, அதை முதலில் காட்டுங்கள். திருப்பூரில் பஞ்சுத் தூசியும் நாள் முழுக்க ஏசியும் கம்ப்யூட்டரும் சேர்ந்தால் கண் வறண்டுதான் இருக்கும். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், பேக்கேஜ் பற்றி அல்ல, கண் உறுத்துவதைப் பற்றி.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா: பையனுக்குத் தையில கல்யாணமுங்க. எனக்கு 52 வயசு. கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்குது, போட்டோவுல அம்மா அழுதிருக்கற மாதிரி இருக்குதுன்னு சின்னவ சொல்றா. பக்கத்துல ஒரு பார்லர்ல ஊசி போட்டு ஃபில்லர் வெச்சா ஒரே நாள்ல சரியாயிரும்ங்கறாங்க. கோயமுத்தூருல ஆபரேஷனே பண்ணிக்கலாம்னு இன்னொருத்தரு. பி.பி. இருக்குது, ஆஸ்பிரின் மாத்திரை சாப்புடறேன். எது நல்லதுங்க?

பார்லரில் ஊசி வேண்டவே வேண்டாம் அம்மா. ஃபில்லர் என்பது ஜெல். முகத்தில் ஓடும் சின்ன ரத்தக் குழாய்கள் சில கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஊசி முனை தெரியாமல் அதற்குள் போய், ஜெல் விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்துவிட்டால் அந்த நிமிஷமே பார்வை போகும். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் போல ரத்தம் போகாமல் இருந்தால் விழித்திரை பிழைப்பது கஷ்டம், கோபியிலிருந்து கோவைக்கு வரவே அதற்கு மேல் ஆகும். போட்டவருக்கு அந்த ஜெல்லைக் கரைக்கிற மருந்தின் பெயராவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

ஆபரேஷன் என்பது வேறு விஷயம், அதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். இமைக்குக் கீழே பிதுங்கும் கொழுப்பை எடுத்து அல்லது நகர்த்தி வைத்து, தோலைச் சீராக்குவார்கள். கண் மருத்துவம் படித்து இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்றவர் செய்தால் பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது. ஆனால் தோலைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டால் கீழிமை வெளியே மடங்கி நாள் முழுக்கக் கண்ணீர் வழியும், மேலிமையில் அப்படி ஆனால் தூங்கும்போது கண் மூடாது. கண்குழிக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால் பார்வை நரம்பு நசுங்கும். பி.பி.யும் ஆஸ்பிரினும் இருப்பதால் அந்தக் கசிவுதான் உங்கள் விஷயத்தில் பெரிய கவலை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட வேண்டாம்.

அதற்கும் முன்னால் தைராய்டு, சிறுநீரகம், ரத்தசோகை மூன்றும் பார்த்துவிடுங்கள், இமை வீக்கம் அதனாலும் வரும், அப்படியானால் மாத்திரையிலேயே அடங்கும். உங்கள் அம்மாவுக்கும் இதே மாதிரி பை இருந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள், இருந்தால் பரம்பரை, அவசரமே இல்லை. எதுவாக இருந்தாலும் தைக்கு முன் செய்யாதீர்கள். கன்றிப்போன நீலம் மறையவே இரண்டு வாரம் பிடிக்கும், வீக்கம் முழுசாக வடிய மாதக்கணக்காகும். சம்பந்தி வீட்டார் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சீர் வாங்குவீர்களா?

ஒரு விஷயம் மட்டும் தனியாக: மேலிமை தொங்கிப் பார்வையையே மறைக்கிறது என்றால் அது அழகுப் பிரச்சினையே இல்லை. பார்வைப் பரப்புச் சோதனையில் அது பதிவாகும், அந்த ரிப்போர்ட்டை வைத்து இன்சூரன்ஸ் கேட்கவும் வழி உண்டு.

ஈரோட்டிலிருந்து ஒரு மேக்கப் கலைஞர்: மணப்பெண்ணுக்கு கலர் லென்ஸ் கேட்கிறார்கள். விலை அதிகம் என்பதால் ஒரே செட்டை நன்றாகத் தண்ணீரில் கழுவி அடுத்த பெண்ணுக்கும் போடலாமா?

கூடாது. ஒரு கண்ணில் போட்டது இன்னொரு கண்ணுக்குப் போகவே கூடாது, குழாய்த் தண்ணீர் லென்ஸைத் தொடவே கூடாது. தண்ணீரில் இருக்கும் அகந்தமீபா என்கிற நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக் கார்னியாவுக்குள் புகுந்தால் ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தரம், அப்புறம் மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, வலியில் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள், சிலருக்குக் கார்னியாவையே மாற்ற வேண்டி வரும். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்குப் போட்டதைக் கழற்றாமலே படுத்து, விடியக்காலை முகூர்த்தத்துக்கு அப்படியே மணவறையில் புகையில் உட்காருகிற பெண்கள் உண்டு, அதையும் தடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஒரு நாள் போட்டுத் தூக்கிப் போடும் லென்ஸை, கண் பரிசோதித்து அளவு எழுதி வாங்கி, பெண்ணின் செலவிலேயே வாங்கச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: கண் வெள்ளையில் நீல மை ஏற்றும் டாட்டூ பற்றி உங்கள் கருத்து?

தம்பி, கண் வெள்ளை பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. டாட்டூ போடுபவர் ஊசியைக் குத்துகிறார், நுனி எங்கே நின்றது என்று அவருக்கும் தெரியாது. இது மருத்துவமே அல்ல. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிடும் டாட்டூ கடையை மூடி சீல் வைத்தது ஞாபகம் இருக்கும், அதே வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசில் ஒரு நல்ல கூலிங் கிளாஸ் வாங்குங்கள்.

கரூரிலிருந்து ஒரு தகப்பனார்: பெண்ணுக்கு 21 வயது, பவர் மைனஸ் ஆறு. கண்ணாடி போட்ட பெண் என்று இரண்டு வரன் தட்டிவிட்டது. லேசர் செய்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் விடலாமா? அதுவும் இந்த மாதிரி ஆபத்துதானா?

நிறம் மாற்றுவதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பவரைச் சரிசெய்யும் லேசர் முறையான லேசிக் பல வருஷம் பார்த்துப் பழகிய சிகிச்சை, தகுதியான கண்ணுக்குச் செய்தால் நல்ல பலன். தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு வருஷமாவது பவர் ஏறாமல் நிற்க வேண்டும். கார்னியாவுக்குப் போதுமான கனம் வேண்டும். கார்னியா கூம்பிக்கொண்டு போகும் கெரட்டோகோனஸ் நோயின் ஆரம்ப அடையாளம்கூட இருக்கக் கூடாது, பெண் அடிக்கடி கண்ணைக் கசக்குகிறவள் என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவள் என்றால் பரிசோதனைக்கு ஒன்று இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும். செய்த பிறகு சில மாதம் கண் வறட்சி இருக்கும், அதிலும் ஆனி, ஆடிக் காற்றில் நம்ம பக்கம் வண்டியில் போனால் நன்றாகவே தெரியும். டாக்டர் உங்கள் பெண்ணுக்கு வேண்டாம் என்று சொன்னால், வேறு இடத்தில் போய்ச் சரி என்று சொல்ல வைக்காதீர்கள்.

செலவு கோவையில் இரண்டு கண்ணுக்கும் முப்பதாயிரம் சுமாருக்கு ஆரம்பித்து, புதிய லேசர் முறைகளில் ஒரு லட்சத்தைத் தாண்டும். இன்சூரன்ஸில் 7.5-க்குக் குறைந்த பவருக்குப் பணம் கிடையாது, மைனஸ் ஆறுக்கு எதிர்பார்க்காதீர்கள். ஆபரேஷனுக்கு முந்தைய அளவுகளை லேமினேட் செய்து வைக்காத குறையாகப் பத்திரப்படுத்துங்கள், பிற்காலத்தில் புரை வந்தால் லென்ஸ் பவர் கணக்குப் போட அது வேண்டும். கண்ணாடி போனாலும் மைனஸ் ஆறு கண்ணின் நீளம் மாறாது, விழித்திரை பலவீனம் அப்படியே இருக்கும், பிரசவம் உட்பட எந்த டாக்டரிடம் போனாலும் பழைய பவரைச் சொல்ல வேண்டும். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அதையும் மறைத்தபடியே வாழ வேண்டிவரும், அந்தப் பாரத்தைப் பெண் தலையில் ஏன் வைக்கிறீர்கள்? கண்ணாடிக்காக விட்டுப்போன வரன் போனால் போகட்டும். லேசர் வேண்டுமா என்று அவளைக் கேட்டீர்களா, கடிதத்தில் அது இல்லை.

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர், வயது 29: இரண்டு வருஷம் ஆகப் போகிறது, வெளிநாட்டில் இரண்டு கண்ணிலும் கலர் ஐரிஸ் வைத்துக்கொண்டேன். ஊரில் இருந்த ஏஜென்ட் மூலமாகப் போனேன். இப்போது காலையில் மங்கல், ராத்திரி லைட்டைச் சுற்றி வளையம், கண் வலி. கிளினிக்கில் வாட்ஸ்அப்பில் ஒரு சொட்டு மருந்து பெயர் அனுப்பி அதையே விடச் சொல்கிறார்கள். இங்கே ஒரு டாக்டர் உடனே எடுக்கணும் என்கிறார். பயமாக இருக்கிறது.

இங்கே பார்த்த டாக்டர் சொன்னதுதான் சரி. காலையில் மங்கி வெயில் ஏறத் தெளிகிறது என்றால் கார்னியா வீங்க ஆரம்பித்திருக்கலாம், வளையம் தெரிவதும் வலியும் அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த வாட்ஸ்அப் மருந்தின் அட்டையைப் பாருங்கள், ஸ்டீராய்டாக இருந்தால் அதுவே அழுத்தத்தை ஏற்றும். நாள் கடத்தாமல் இந்த வாரத்திலேயே பரிசோதனைக்குப் போங்கள், கையோடு மருந்தையும் கொண்டுபோங்கள்.

கார்னியாவுக்கும் கிளாக்கோமாவுக்கும் தனித்தனிப் பிரிவு உள்ள இடமாகப் பாருங்கள், கோவையில் அரவிந்த், சங்கரா மாதிரி. கண் அழுத்தம், கார்னியா உட்செல் எண்ணிக்கை, வடிகால் மூலை, பார்வை நரம்பு ஸ்கேன், பார்வைப் பரப்பு எல்லாம் பார்ப்பார்கள். எடுப்பதும் சின்ன வேலை இல்லை, எடுக்கும்போதும் செல்கள் கொஞ்சம் போகும், அதோடு புரை அல்லது கிளாக்கோமா ஆபரேஷனும் சிலருக்குத் தேவைப்படும். ஆனாலும் உள்ளே விட்டுவைக்கிற ஒவ்வொரு மாதமும் மிச்சம் இருக்கும் செல்களைத்தான் தின்கிறது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வெளிநாட்டு கிளினிக்கை இங்கிருந்து இழுப்பது கடினம். பணம் வாங்கியவர் ஊரில் இருக்கும் ஏஜென்ட் என்றால் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஆனால் இரண்டு வருஷக் கெடு இருக்கிறது, உங்களுக்கு அது நெருங்கிவிட்டது. ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு, உள்ளே வைத்த தட்டின் பெயரும் எண்ணும் உள்ள அட்டை, எதையும் அழிக்காமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எடுக்கப்போகும் டாக்டருக்கும் அந்த அட்டை உதவும்.

பரிசோதனையில் பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் அன்று முழுக்க வண்டி ஓட்ட முடியாது, வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.